தம்பி ரூமிலிருந்து வந்த ஃபேன் சத்தம்

என் தம்பி வீம்பு பிடித்தவன். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவன் கேம் ஆடும் கம்ப்யூட்டரின் பவர் செட்டிங்கில் ப்ராசஸர் வேகத்தை நூறு சதவீதத்திலிருந்து தொண்ணூற்றொன்பதாகக் குறைத்தால் போதும், அது எகிறிப் பாய்வதை நிறுத்திவிடும். சூடு இறங்கும், கேம் திக்காமல் ஓடும். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் குறைத்து வைப்பேன். நான் பஸ் ஏறுவதற்குள் அவன் திரும்ப நூறில் வைத்துவிடுவான்.

"ஏலே, இந்தக் கொதி கொதிக்குதே, எரிஞ்சுபோகும்டா" என்பேன்.

"ஓடுற காளைய எதுக்குக்கா பிடிச்சுக் கட்டுற?" என்பான். ஃபேன் ஹோவென்று இரையும்.

தேவதானப்பட்டிப் பக்கம் பைக்கில் போனவன் லாரியில் மோதிச் செத்துப்போனான். தலையில் ஹெல்மெட் இல்லை. கேட்டானா பாவி, யார் சொல்லித்தான் கேட்டான்? இப்போது எழுதும்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

காரியம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, அவன் எழுந்து உட்காரும் நேரத்துக்கு, அம்மா அவன் ரூமுக்குள் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டாள். ஆன் ஆனதும் கேம் தானாகத் திறக்கும்படி அவன் வைத்திருந்தான். சற்று நேரத்தில் சூடேறி ஃபேன் இரையும், அடங்கும், மறுபடி இரையும். எங்களுக்கு வடுகபட்டியில் பூண்டு வியாபாரம். அவன் இருந்தபோது போலவே அம்மா அந்த ரூம் வாசலில் உட்கார்ந்து பூண்டு ஆய்வாள். தினமும் இதே கதைதான்.

"உள்ளதான் இருக்கான்" என்றாள் ஒருநாள், சாதாரணமாக. "உங்கப்பாவும் வந்து இங்கன நின்னு கேட்டுட்டுத்தான் கடைக்குப் போறாக."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்த இரைச்சல் ஏறும்போதெல்லாம், 'சத்தத்தைக் குறைடா' என்று வாய்வரை வந்துவிடும்.

ஆடி மாதம் நான் வீட்டுக்கு வந்தபோது திரையில் பார்த்தேன், தொண்ணூற்றேழு டிகிரி. இப்படியே விட்டால் ஒருநாள் எரிந்துபோகும். போனால் அம்மா என்ன ஆவாள்? அந்தப் பயத்தில்தான் கை வைத்தேன். நூறைத் தொடவே இல்லை. குறைத்தால் சத்தம் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? தூசியை மட்டும் எடுத்துவிட்டால் இன்னும் சில வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

மத்தியானம் கம்ப்யூட்டரை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். அடியாத்தி! ஃபேனுக்கு அடியில் கெட்டித்துக் கிடந்தது பூண்டுச் சருகு. அம்மா வாசலில் ஆய்ந்ததெல்லாம் காற்றில் பறந்து கதவிடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. இரண்டு கைப்பிடி இருக்கும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ப்ராசஸர் மேல் காய்ந்திருந்த, சூட்டை இறக்கும் பசையைத் துடைத்து, தேனியில் வாங்கி வந்த புதுப் பசையைப் பூசி மூடினேன்.

கேம் ஒரு திக்கல் இல்லாமல் ஓடியது. அறுபத்தெட்டு டிகிரி. நூறிலேயே இருந்தும் ஃபேன் முனகக்கூட இல்லை.

வெளியே அம்மாவின் கை நின்றுவிட்டது.

"ஆத்தா, எங்க போயிட்டான்?"

அறிவு கெட்டவள் நான். இத்தனை நாள் இரைந்தது அந்த அடைப்புத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவசர அவசரமாக செட்டிங்குக்குள் போய் ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். இரைந்தது. ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. அம்மா கதவருகே வந்து தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது அவன் இல்லத்தா. வெறும் காத்தாடி. நிறுத்திரு."

நிறுத்தினேன். அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அவன் நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எஞ்சாமி, போயிட்டியா" என்று தெருவே கேட்கும்படி கதறினாள்.

கடையிலிருந்து அப்பா ஓடி வந்தார்.

"என்னத்தா ஆச்சு?"

"கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டேன்ப்பா" என்றேன்.