காரணம் என்ற கட்டம்

நிவாரணப் பிரிவில் எழுத்தராக இருந்தவர்களுக்குத் தெரியும்: காற்று கூரையைப் பிடுங்க ஒரு நொடி போதும், அதற்குக் காரணம் எழுத ஒரு வாரம் ஆகும். அறுபதுகளில் போர்ட் பிளேரில் என்னிடம் இருந்த படிவத்தில் மூன்றே காரணங்கள்: வானிலை, நிலம், மனிதர் செயல். ஒன்றில் மட்டும்தான் குறியிடலாம். முதல் இரண்டுக்குக் கூரைத் தகரம் உண்டு, மூன்றாவதற்குக் கிடையாது. படிவங்களோடு மல்லுக்கட்டிய நீங்களாவது என்மேல் இரக்கப்படுங்கள்.

உப்பு

ஒரு புயலுக்கு மறுநாள் ஊருக்குள் இருந்த அபர்டீன் பஜாரில் காதர் பாயின் கடைக்குப் போனேன். அரிசி மூட்டைகள் ஊறிக் கிடந்தன. கடல் புகுந்ததென்றார்கள், படிவத்தில் கடலுக்குக் கட்டமே இல்லை. நான் விழிப்பதைப் பார்த்த பாய், தேங்கிய நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவ்வளவு நஷ்டத்திலும் அந்த நிதானம் எனக்கு வராது. இந்தி கலந்த தமிழில் சொன்னார்:

“தேக்கோ சார், உப்புக் கரிக்குது, கடல் பானிதான். ஆனா காத்து தள்ளாம அது ஏன் கடைக்கு வருது? வானிலைன்னே போடுங்க. பூமி ஆடி வந்திருந்தா, அப்ப நிலம்.”

சுவர்

கார் நிக்கோபாரில் பூமி குலுங்கியபோது ஊழியர் குடியிருப்பு ஒன்றின் சுவர் சரிந்தது. நல்லவேளை, உள்ளே ஆளில்லை. பக்கத்தில் மரக்கால்கள்மேல் நின்ற நிக்கோபாரிகளின் குடிசைகள் ஆடிவிட்டு அப்படியே நின்றன. யோசிக்காமல் ‘நிலம்’ என்று குறியிட்டேன். கூட வந்த மேஸ்திரி பெருமாள் அந்தக் குடிசைகளின் கட்டுகளை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்:

“ஆட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். விழுந்தது நான் கட்டினது மட்டும்தான்.”

மண்

நடு அந்தமானில், பர்மாவிலிருந்து வந்து குடியேறிய செல்லம்மாவின் வீட்டை மழையில் சரிந்த மண் மூடிவிட்டது. மூன்று குழந்தைகளோடு தார்ப்பாயின் கீழ் இருந்தார். ‘வானிலை’ என்று எழுதப் போன என்னைத் தடுத்தார். மழை வருஷா வருஷம் பெய்வதுதான், மேலே காட்டை மொட்டையடித்தது நாங்கள்தான் என்றார். தகரம் கிடைக்காதம்மா என்று கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த கப்பலில் வரும் குடும்பங்களுக்கும் அதே சரிவின் கீழ்தான் இடம் அளந்து வைத்திருந்தார்கள். “மழைன்னு எழுதினா அவங்களையும் இங்கயே இறக்கிடுவாங்க சார்” என்றார்.

அவர் சொன்னபடியே ‘மனிதர் செயல்’ என்று எழுதினேன். வந்தவர்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். செல்லம்மாவுக்குத் தகரம் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில், சரிவைவிட்டுத் தள்ளிக் கட்டியிருந்த அவர் வீட்டு வாசலில் குற்றவாளியாக நின்றேன். அவர்தான் என்னைத் தேற்றினார்:

“ஓலை போட்டுக்கிட்டோம் சார். ஒழுகுது. ஒழுகினா எழுந்து உட்காந்துக்கலாம், மண்ணு விழுந்தா முடியாதே.”

சீற்றங்களை வகை பிரிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், அதற்காகச் சம்பளம் வாங்கிய நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.