மாடிக்கு மாடி நின்ற லிஃப்ட்

அந்த லிஃப்ட் மெக்கானிக் வாசலில் செருப்பைக் கழற்றினாலே, உள்ளே மக்கர் பண்ணிக்கொண்டிருக்கும் லிஃப்ட் பயந்துபோய்த் தானாகச் சரியாகிவிடும். ஐம்பத்து நான்கு வயது வரை இந்தப் பேருக்குப் பங்கம் வரவில்லை. பிறகுதான் அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்குப் போனார்.

புதிதாகக் குடிவந்தவர் புகார் கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலை. யாரும் பொத்தானைத் தொடாமலே லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று, திறந்து, மூடி, ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. "பேய் புடிச்சிருக்கு" என்று மெக்கானிக் அதைத் தானாக ஓட்டிக்கொண்டிருந்த டைமரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆறாவது மாடியில் ஒரு பெரியவர் காத்திருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த யூதர்.

"அழுத்துங்க பெரியவரே, வெண்ணெயா போகும்!"

"முட்டி வலிக்குது தம்பி."

"டாக்டரைப் பாருங்க."

"ஆறு மாடி இறங்கணும்."

"அதுக்குத்தானே லிஃப்ட்டு!"

பெரியவர் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை கட்டடத்து வாட்ச்மேன் மெக்கானிக்கைப் பிடிபிடியென்று பிடித்தார். "சனிக்கிழமை யூதங்களுக்கு ஓய்வு நாள், அன்னைக்கு அவங்க கரண்டு சாமானைத் தொட மாட்டாங்க. அடுத்தவங்களை அழுத்தச் சொல்லியும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான்யா அந்த டைமர்! பெரியவர் போகாம ஜெபக்கூடத்துல ஒன்பது ஆம்பளைதான். பத்துப் பேர் சேராம செத்தவங்களுக்கு ஜெபம் சொல்ல முடியாதாம். வர்ற சனிக்கிழமை அவர் சம்சாரம் செத்த நாள், தெரியுமா?"

டைமரைத் திரும்ப மாட்டிவிடுவதென்று மெக்கானிக் முடிவு செய்தார். இன்னொரு தப்பு நடந்துவிடக் கூடாதென்று, யூதர் வரலாறும் மரபும் சொல்லும் நான்கு தடிப் புத்தகங்களை நூலகத்திலிருந்து சுமந்து வந்தார். படிக்கப் படிக்கத் தலை கிறுகிறுத்தது. அவர்களுக்குச் சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே வந்துவிடுகிறது. வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் போகிறது. அவர்களுடைய பழைய கோயில் இடிந்து இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது, அதன் அளவுகளைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள்.

"டைமருக்கு நட்சத்திரம் எண்ண யார் சொல்லிக் குடுப்பா?" என்றாள் மனைவி. "நீங்களே மூணு வரைக்கும் ஒழுங்கா எண்ண மாட்டீங்க."

பெரியவரிடமே போய் நின்றார். "ஐயா, வானம் மேகமா இருந்தா?"

"அதுக்கு ரெண்டு கருத்து இருக்கு."

"எது சரி?"

"ரெண்டையும் எழுதி வெச்சிருக்கோம்."

"எனக்கு மணியைச் சொல்லுங்களேன், புண்ணியமாப் போகும்!"

பெரியவர் சிரித்துவிட்டு, நேரம் அச்சடித்த காலண்டரை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்து மெக்கானிக் டைமரைத் திரும்ப மாட்டினார்.

சனிக்கிழமை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பெரியவரோடு லிஃப்ட்டில் ஏறினார். நான்காவது மாடியில் கதவு மூடாமல் யோசித்தது. மெக்கானிக்கின் விரல் பொத்தானை நோக்கி ஊர்ந்தது. அழுத்தினால் உதவியா, பாவமா? மூன்றாவது புத்தகம் ஒன்று சொன்னது, நான்காவது வேறொன்று. கையைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். கதவு தானே மூடியது.

ஜெபக்கூட வாசலில் நின்று, உள்ளே போகும் ஆண்களை எண்ணினார். ஆளைத் தலையெண்ணக் கூடாதென்று படித்திருந்ததால், புத்தகத்தில் கண்டபடியே "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல" என்று எண்ணினார். கடைசியாகப் பெரியவர் நுழைந்தபோது "பத்து இல்ல" என்று வந்தது. மெக்கானிக்குக்கு வியர்த்துவிட்டது. இப்போது பத்து இருக்கிறதா, இல்லையா?

உள்ளே, செத்தவர்களுக்கான ஜெபத்தில், பெரியவரின் குரல் தனியாக எழுந்தது. மற்றவர்கள் சேர்ந்து "ஆமென்" என்றார்கள்.

"அப்போ இருக்கு" என்று வாசல் தூணிடம் சொன்னார் மெக்கானிக்.