மைக்கைத் தாழ்த்திப் பிடித்த பாட்டு

காதில் வைக்கும் பஞ்சுக்கு ராஜபாளையத்தில் பஞ்சமில்லை. நூற்பாலைக்குள் நுழையும்போது ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளி உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொள்வோம். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் மேடை ஏறும்போதும் அண்ணன் காதில் அந்தப் பஞ்சு இருந்தது. எடுக்க மறந்துவிட்டாரென்று நினைத்துச் சொன்னேன். "இருக்கட்டும்லே, இது இல்லாட்டி எனக்குப் பாட வராது" என்றார்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. மில்லில் பக்கத்து மெஷின்காரர். கிடாரும், தொண்டையைக் கிழிக்கிற ஹெவி மெட்டலும் என்றால் அவருக்குப் பைத்தியம். நான் டிரம்ஸ். ஷிப்டு முடிந்தால் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும். அதற்குமேல் இந்தக் கூத்து வேறு. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று என்னையே திட்டிக்கொண்டதுண்டு. ஆனால் அவர் எழுதிய ஒரே பாட்டைக் கேட்டபின் விட்டுப்போக மனம் வரவில்லை. அது முழுக்க அவர் குடித்துக் கெட்ட கதை. 'குடிச்சது நான், தள்ளாடுனது நம்ம வீடு' என்று தொடங்கும். அவர் மனைவி, எங்கள் மதினியின் தையல் மெஷினை விற்றுக் குடித்தது வரை ஒன்றையும் அதில் அவர் ஒளிக்கவில்லை.

மதினியும் எங்கள் மில்லில் வேலை பார்த்தவர்தான். தையல் மெஷின் போன அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அண்ணன் குடியை விட்டார். நேரில் போனார், கதவு திறக்கவில்லை. போன் செய்தார், எடுக்கவில்லை. கடைசியில் அந்த ஊர் மண்டபத்திலேயே கச்சேரிக்கு ஏற்பாடு செய்து, வரச் சொல்லி ஆள் விட்டார். பாட்டுக் கேட்க மட்டும் வருவதாக மதினி ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அந்த ஒரு பாட்டில் அவரைத் திரும்ப அழைத்துவந்துவிடலாம் என்று அண்ணன் நம்பினார், பாவம்.

"அண்ணே, இந்தக் கத்தல்ல ஒரு வார்த்தை வெளங்காதே. மதினிக்கு எப்படிக் கேக்கும்?" என்றேன்.

"அவளுக்குக் காது எதுக்குலே? என் வாயப் பாத்தாப் போதும்."

உண்மைதான். மில் இரைச்சலில் யாருக்கும் காது உதவாது. சாப்பிட்டாயா என்பதிலிருந்து சண்டை வரை எல்லாம் உதட்டைப் பார்த்தே நடக்கும். அதனால் உதடு மறையக் கூடாதென்று அண்ணன் மைக்கை நெஞ்சுக்குத் தாழ்த்திப் பிடித்துப் பாடினார். எந்தப் பாடகனாவது இப்படிச் செய்வானா? "ஏலே, மைக்க வாய்ல வச்சுப் பாடுலே!" என்று கூட்டம் கூச்சலிட்டது. பாதிப்பேர் எழுந்து போனார்கள். அவர் மைக்கை உயர்த்தவேயில்லை.

மதினி மண்டபத்தின் கடைசியில் சுவரோரம் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிவதற்குள் அவர் உதடும் அசைந்தது. அண்ணனுக்குப் பின்னால் இருந்த எனக்கும் அது தெளிவாகத் தெரிந்தது. "எல்லாம் கேட்டுச்சு. எனக்கு அலுத்துப்போச்சு. நான் வரல. நீ குடிக்காம இரு." சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அண்ணன் நிறுத்தவில்லை, மீதி வரிகளையும் அந்த வெறும் சுவரைப் பார்த்தே பாடி முடித்தார். நானும் கடைசி வரி வரை டிரம்ஸ் அடித்தேன்.

அதோடு பாட்டும் போயிற்று. கிடார் உறையோடு பரணில் கிடக்கிறது. மதினி வரவில்லை; இனி வரவும் மாட்டார். எங்களுக்கு அதே மில், அதே ஷிப்டு, அதே அலுப்பு. சம்பள நாளில் வாசலில் நிற்கும் கூட்டாளிகள், "வாரியளாண்ணே, செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போவோம்" என்று மதுக்கடைக்குக் கூப்பிடுவார்கள். இன்றும் கூப்பிட்டார்கள். காதுப் பஞ்சைக்கூட எடுக்காமல் அண்ணன் அவர்களைத் தாண்டி நடந்தார். உதடு மட்டும் அசைந்தது. எனக்குத் தெரியாதா என்ன?

"நீ குடிக்காம இரு."