ஏணிக்கால்

மிளகு இன்னும் பழுக்கவில்லை என்று என் வீட்டுக்காரரிடம் ஐந்து வாரம் பொய் சொன்னேன். அதுவும் ரகசியமாகச் சொல்லக் கொடுத்து வைக்கவில்லை. எங்கள் மலை ஊரில் கோயிலுக்கு மேலே உள்ள பாறையில்தான் போனுக்கு டவர் கிடைக்கும். போர்வெல் லாரியில் பத்து வருஷம் வேலை செய்து அவர் காது மந்தமாகிவிட்டது. பாறையில் நின்று நான் கத்த, வாசலில் மிளகு காயப்போட்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த லாரி ஆந்திரா, ராஜஸ்தான் என்று போய்க்கொண்டே இருக்கும். தீபாவளிக்குக்கூட விடமாட்டார்கள். ஆனால் மலையாட்களுக்கு மிளகு பறிக்க மட்டும் நான்கு நாள் லீவு உண்டு. அதிலும் ஒருவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் கிளம்ப முடியும். அவர் முறை இந்த வருஷம் கடைசியாகப் போய்விட்டது. பழுத்துவிட்டது என்று நான் சொன்னால், லாரி மேனேஜர் கூலிக்கு ஆள் விட்டுப் பறிக்கச் சொல்லிவிடுவார். பறித்து முடிந்த மிளகுக்கு யார் லீவு தருவார்கள்?

எங்கள் பக்கம் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணிதான். அதன் அடியை மிதித்துப் பிடிப்பது வீட்டாள்தான். வேறு யாரையும் நம்பி மரம் ஏறமாட்டார்கள். அவர் மேலே பறிப்பார், நான் கீழே மிதித்துக்கொண்டு நிற்பேன். தரையில் இரண்டு வார்த்தை பேசாத மனுஷன், ஏணியில் ஏறிவிட்டால் வாய் ஓயாது. பாறையைத் துளைத்துத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். "நீ ஒருக்கா பாக்கணும் கண்ணு" என்பார். அந்தத் தண்ணீர்மேல் எனக்குப் பொறாமைதான். ஆனாலும் அந்தப் பேச்சுக்காகத்தான் வருஷம் முழுக்கக் காத்திருந்தேன்.

தை மாதமே மிளகுச் சரங்கள் சிவந்துவிட்டன. குருவிகள் தின்றதுபோக மீதி உதிர்ந்தது. என் கொழுந்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, பழமெல்லாம் கொட்டுதுங்க. நான் ஏறிப் பறிச்சுத் தரட்டுங்களா?"

"உங்க சோலியப் பாருங்க" என்றேன். பாவம், நல்ல மனுஷன். இருந்தும் எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டுக்காரர் போன் செய்து முதலில் அதைத்தான் கேட்பார்.

"மொளகு பழுத்துருச்சா?"

"இல்லீங்க! இன்னும் காயாத்தான் இருக்குதுங்க!"

"செரி, செரி" என்பார். மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தெரியாதா என்று பாறையிலிருந்து இறங்கும்போதெல்லாம் கோபப்படுவேன்.

மாசி பாதியில் வந்தார். செம்மேட்டில் பஸ் இறங்கி நடந்து வந்தவர், பையைக்கூட வைக்காமல் நேராகத் தோட்டத்துக்குப் போனார். மரத்தடியெல்லாம் உதிர்ந்த மிளகு. கொடியில் வெறும் காம்புகள். ஒரு வருஷத்து வெள்ளாமையை மண்ணில் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன்.

அவர் குனிந்து ஒரு பிடி பொறுக்கினார்.

"நம்ம கொடி தையிலயே பழுத்துரும். எனக்குத் தெரியாதா கண்ணு?"

"தெரிஞ்சுக்கிட்டேவா வாரா வாரம் கேட்டீங்க?"

"மேனேஜர் பக்கத்துல நிக்கறப்பதான் கேப்பேன், ஸ்பீக்கர் போட்டு. இன்னும் காயின்னு நீ கத்துறது அவருக்குக் கேக்கோணுமில்ல?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொய் சொல்லவேண்டும் என்று நாங்கள் ஒரு நாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

மறுநாள் காலையில் ஏணியைத் தூக்கி வந்து மரத்தில் சாத்தினார். தேடினால்கூட மேலே பத்துச் சரம் தேறாது. நான் ஏணிக்காலை மிதித்துக்கொண்டேன். அவர் ஏறினார், பேச ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை இறங்கவில்லை.