தடியங்காயில் வரும் முகம்

மடியில் கிடந்த தடியங்காயின், அதாவது வெண்பூசணியின், சாம்பலைத் துணியால் துடைத்துவிட்டு, கறுப்புப் பெயின்ட்டில் முதலில் வாயை வரைந்தேன். எப்போதும் வாயில்தான் தொடங்குவேன். அகலத் திறந்த வாய், மேலே ஏறிய கண்கள், கடைசியாக மீசை. சங்கரன்கோவிலில் கடைகளுக்கு போர்டு எழுதுவது என் பிழைப்பு. புது வீடு கட்டுகிறவர்கள், கண்ணேறு படாமல் வாசலில் தொங்கவிட என்னிடம் தடியங்காய் எழுதி வாங்குவார்கள். பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். அது பயமுறுத்துகிற முகம் இல்லை, பயந்த முகம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த முறை கேட்டவன் என் மகன். கிணறு வெட்டும் ஆட்களோடு புதிதாகச் சேர்ந்திருந்தான். கிணற்று மண்ணை மேலே ஏற்றும் கிரேனில் கட்ட வேண்டுமாம்.

அந்த முகம் என் பெரியப்பாவுடையது. அவரும் கிணறு வெட்டியவர்தான். திருவேங்கடம் பக்கத்துக் கரிசலில் அவர் இறங்காத கிணறு குறைவு. நான் பேசாத பிள்ளை. யாராவது ஏதாவது கேட்டால் தரையைப் பார்ப்பேன். அவர் ஒரு சுண்ணாம்புக் கட்டியை என் கையில் திணித்து, "ஏலே ஊமையா, வாயத் தொறந்து சொல்லு. இல்லன்னா படம் போட்டாவது காமி" என்பார். பசித்தால் சோற்று வட்டிலை வரைவேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. படம் நிற்கவில்லை.

கிணற்றிலிருந்து ஏற்றும் கல்லையும் மண்ணையும் கரையை ஒட்டியே கொட்டி வைப்பது அவர்கள் வழக்கம். தூரமாகச் சுமக்க வேண்டாம், ஆடு மாடு உள்ளே விழாது. அதுதான் நல்ல காவல் என்று பெரியப்பாவும் நம்பினார். ஓர் ஐப்பசியில் இரவெல்லாம் மழை பெய்திருந்தது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல், நனைந்தால் ஊதி வழுக்கும். சோற்றுத் தூக்கோடு போன நான் கரையிலிருந்து எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும், கிணற்றடியில் நின்ற அவர் சிரித்துக்கொண்டு ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். அப்போது எதிர்க்கரைக் குவியல் சத்தமில்லாமல் நகர்ந்தது. முதலில் சின்னக் கற்கள் உதிர்ந்தன. அவர் நிமிர்ந்தார். சிரிக்கத் திறந்த வாய் அப்படியே இருக்க, கண்கள் மட்டும் மாறின. அடுத்த நொடி அந்த இடத்தில் மண்தான் இருந்தது.

இன்றும் மழைக்கு மறுநாள் நான் சுவரோரம் நடப்பதில்லை. தெருவில் மணல் குவியலின் அடியில் நாய் படுத்திருந்தால் விரட்டிவிடுவேன். ஏன் என்று கேட்பவர்களிடம் சொல்ல வராது. மகனிடமும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவனுக்காவது சிரிக்கிற முகமாக எழுதிக் கொடுக்க நினைத்து, துடைத்துத் துடைத்து எழுதினேன். அதே முகம்தான் வந்தது. கொண்டுபோய்க் கட்டிவிட்டான்.

நேற்று முன்தினம் ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் மனம் கேட்காமல் டவுன் பஸ் ஏறி, அவன் வேலை பார்க்கும் தோட்டத்துக்குப் போனேன். அதுவும் திருவேங்கடத்துக் கரிசல்தான். கிரேனின் கை கிணற்றுக்கு மேலே நீண்டிருந்தது. அதில் தடியங்காய் குப்புறச் சாய்ந்து தொங்கியது. அன்று கீழிருந்து மேலே பார்த்த பெரியப்பா, இப்போது மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே என் மகன். கரையைச் சுற்றி, விளிம்பு வரைக்கும் ஈர மண்ணும் கல்லும்.

தோட்டத்துச் சொந்தக்காரரும் வேலையாட்களும் என்னையே பார்த்தார்கள். வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். என் காலுக்கும் குவியலுக்கும் நடுவே, மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியது. நனைந்த கரிசலில் வெடிப்பு என்றால் கரை நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"அவன மேல ஏத்துங்க" என்றேன்.

என்னை நெடுநாளாகத் தெரிந்த கிரேன் ஓட்டுகிறவர் சிரித்தார். "அண்ணாச்சிக்கு வாய் இருக்கா? இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே."

மறுபடியும் சொன்னேன். அந்தக் குரல் என்னுடையது போலவே இல்லை. மகன் வாளியில் நின்றபடி மேலே வந்தான். "எப்பா, ஆளுக முன்னால மானத்த வாங்காதீய" என்று முணுமுணுத்தான். நான் தடியங்காயைக் காட்டினேன்.

"அது ஒங்க பெரிய தாத்தா மொகம்லே. கரை சரியும்போது நான் பாத்தது."

அவன் அதைப் பார்த்தான். பிறகு குனிந்து, என் காலடியில் ஓடிய வெடிப்பைப் பார்த்தான். குவியலை அப்புறப்படுத்திவிட்டுத்தான் இறங்குவது என்று முடிவாயிற்று. சாயங்காலத்துக்குள் பாதிதான் நகர்ந்தது. மீதியையும் அள்ளியதும் மறுபடி இறங்குவான்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிய தடியங்காய், பழையபடி கிணற்றுக்குள் பார்த்து நின்றது. நான் வரைந்த அந்த வாய், இன்னும் ஏதோ சொல்ல வருவது போலத் திறந்தே இருந்தது.