பக்கத்துப் போர்ஷனுக்குக் கேட்கும்

என் மனைவியின் தாய்மொழியை வீட்டைவிட்டுத் துரத்தியவன் நான்.

அவளுக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழ். கல்யாணமாகி முதல் சில வருடங்கள் கிழக்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் பக்கத்துப் போர்ஷன். நடுவில் ஒற்றைச் சுவர். எங்கள் பெண் குழந்தையை அவள் தெலுங்கில்தான் கொஞ்சுவாள். ஒருநாள் குழாயடியில் நாலு பேர் முன்னால் வீட்டுக்காரர் கேட்டார்:

"இன்னா சார், வூட்டுல ஒரே கொல்ட்டி சத்தமா கீது? நீயும் மாறிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே வந்து, "இனிமே இங்க அந்தப் பேச்சு வேணாம். பக்கத்துப் போர்ஷனுக்குக் கேக்குது" என்றேன். மறுநாள் குழந்தை ஏதோ தெலுங்கில் சொன்னது. வாயிலேயே அடித்தேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து வீட்டில் தமிழ்தான்.

வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்குப் போவாள். பல வாரம் பை காலியாகவே திரும்பும். அங்கே செடி விற்கும் தெலுங்குக்கார அம்மாவிடம் பேசத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன்போல இருந்துவிட்டேன்.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. தமிழ் அடியோடு போயிற்று. தெலுங்கு மட்டும் குழறலாக மிஞ்சியது. பள்ளிக்கரணையிலிருந்து மகள் வரும்போதெல்லாம், மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ திரும்பத் திரும்பக் கேட்பாள். பதில் வராமல் அழுவாள்.

"அம்மா என்னப்பா கேக்கறாங்க?"

"தெரியலைம்மா."

"இவ்ளோ வருஷம் கூட இருந்தீங்களேப்பா."

சந்தைக்குப் போய் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தேன். "அக்கா ஏன் வர்றதில்லன்னு பாத்துக்கினே இருந்தேன் சார்" என்றார். கடையை மூடிவிட்டு என்னோடு வந்தார். கட்டிலருகே குனிந்து கேட்டார்.

"பொண்ணு சாப்டுச்சான்னு கேக்குது சார். வேற ஒண்ணுமில்ல."

'சாப்பிட்டேன் அம்மா' என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று அவரிடமே கேட்டு, மனப்பாடம் செய்து, மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு மனைவி வழக்கம்போல் கேட்டாள். மகள் அவள் முகத்தருகே குனிந்து, "தின்னானம்மா" என்றாள்.

மனைவி திடுக்கிட்டாள். விளங்கும் ஒரு கையால் மகளின் வாயைப் பொத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பரவாலேது" என்றேன், எனக்குத் தெரிந்த தெலுங்கில். இரண்டு தடவை சொன்னேன்.

அவள் கையை எடுக்கவில்லை.