நாற்பது புள்ளிகள்

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் கப்பல் வரவைப் பதிவது என் வேலை. செக் நாட்டிலிருந்து தப்பி வந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்துப் பட்டறையில் இருந்தார். அவரை நான் ஒருபோதும் நம்பியதில்லை.

ஒருநாள் அவருடைய மேசையில் ஒரு தாளைக் கண்டேன். அரைவட்டமாக, இரண்டிரண்டாக நாற்பது புள்ளிகள். சிலவற்றின்மேல் சிலுவைக் குறி. எங்கள் குடாவைப் போலவே இருந்தது.

சக கிளாக்கர் அந்தோனி பதறினான்.

“மச்சான், கப்பல் நிக்கிற இடமெல்லாம் கீறி வைச்சிருக்கிறான். உடன குடுத்திடு!”

“ஓம், எனக்கு அப்பவே சந்தேகம்.”

கந்தோர் வழக்கப்படி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, தாளை அதிகாரியிடம் கொடுத்தேன்.

விசாரணையில், என் முன்னாலேயே, மெக்கானிக் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார்.

“இது எங்கள் ஊர் இசைக்குழு. இவர் வயலின், பள்ளி ஆசிரியர். இவர் புல்லாங்குழல், பேக்கரியில் பாண் சுடுபவர். தலைநகரிலேயே எங்களுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலுவை போட்டவர்களை ஜேர்மன்காரர் கொண்டுபோய்விட்டார்கள். ஓரத்தில் இருப்பது நான்.”

பிறகு அவரவர் வாசிக்கும் பகுதியை மெல்ல முணுமுணுத்தார்.

“நல்ல கதை,” என்று சிரித்த அதிகாரி தாளை எரித்தார்.

அன்று குடாவில் பதினைந்து கப்பல்கூட இல்லை. அதைப் பதிந்தவன் நான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவரை எங்கோ ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

என் பிரதி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அவர் பிழைத்தாரா, தெரியாது. ஓரத்துப் புள்ளியின்மேல் சிலுவை போட இன்றுவரை என் கை எழவில்லை.